அம்மா சரி, டீச்சர் வேண்டாம்

1961, 62 வாக்கில் எனக்கு எட்டு ஒன்பது வயது. எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் சனிக்கிழமை காலைகளில் ஒரு வரிசை நிற்கும். பால் பவுடர், மஞ்சள் சோளமாவு, சில வாரங்களில் கொஞ்சம் எண்ணெய். கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள் பிள்ளையார் கோயில் தெரு. எங்கள் அம்மாவும் தூக்குவாளியோடு போய் நிற்பாள். மூட்டையின்மேல் ஒரு கேடயமும், அதற்குள் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போன்ற படமும் இருக்கும். காலிப் பையைத் துவைத்து எனக்கு ஒரு டவுசர் தைத்தார்கள். குலுக்கும் கைகள் சரியாகப் பின்பக்கம் விழுந்துவிட்டன. அதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை.

தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் மூட்டைகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு மூட்டை எங்கிருந்து புறப்பட்டது, யார் கைமாற்றினார்கள் என்று பார்ப்பதே தொழில். ஆனால் அந்த மாவு மூட்டையின் முகவரியைத் தேட ஓய்வு பெற்ற பிறகுதான் நேரம் கிடைத்தது. அமெரிக்காவில் விளைச்சல் மிஞ்சிக் கிடங்குகள் பிதுங்கியபோது 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நம் பத்திரிகைகளில் பி.எல். 480 என்று வந்துகொண்டே இருக்குமே, அதுதான். அந்த உபரித் தானியத்தில் ஒரு பங்கு கேர், கத்தோலிக்க நிவாரண சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்தது.

அதைத் தேடப் போன இடத்தில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. நான் வரிசையில் நின்ற அதே 1961-ல் ரோமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிஞ்சிய தானியத்தைப் பசித்த நாடுகளோடு பகிர்ந்துகொள்வதும் அதில் ஒரு பொருள். நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அந்தக் கடிதத்தைக் கேலி செய்தது. பத்திரிகையின் ஆசிரியரும் பக்தியுள்ள கத்தோலிக்கர்தான். அந்தக் கேலியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். பாப்பரசர் உலகத் திருச்சபைக்கு எழுதும் பெரிய கடிதத்தைச் சுற்றுமடல் என்பார்கள். லத்தீன் மூலத்தின் முதல் இரண்டு மூன்று சொற்களே அதற்குப் பெயராகிவிடும். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அந்தக் காலத்தில் பாப்பரசர்களின் பெயர்களையும் தமிழாக்கிவிடுவார்கள். லியோ என்றால் சிங்கராயர், பயஸ் என்றால் பத்திநாதர், ஜான் அருளப்பர், பால் சின்னப்பர். எனக்கும் அந்தப் பெயர்கள்தான் வாய்க்கு வருகின்றன. அப்படியே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் 13ஆம் சிங்கராயர் 1891 மே 15-ல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகி, தொழிலாளி கூலிக்கும் பட்டினிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த காலம். அதில் பாப்பரசர் சோஷலிசம் கூடாது, தனிச்சொத்து மனிதனின் இயல்பான உரிமை என்று அடித்துச் சொன்னார். அதே மூச்சில், ஒழுங்காக வாழும் ஒரு தொழிலாளி பசியில்லாமல் இருக்கப் போதுமான கூலி கொடுக்க வேண்டும், அவன் ஒப்புக்கொண்டான் என்பதற்காகக் குறைந்த கூலி நியாயமாகிவிடாது, தொழிலாளர் சங்கம் அமைக்க அவனுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். இதன் பின்னணியில் ஓர் அமெரிக்கக் கதையும் உண்டு. 'நைட்ஸ் ஆஃப் லேபர்' என்ற பெரிய தொழிலாளர் அமைப்பை ரோம் கண்டித்துவிடப் போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, 1887-ல் பால்டிமோர் கர்தினால் கிப்பன்ஸ் ரோமுக்கே போய், வேண்டாம் என்று விளக்க மனு கொடுத்துத் தடுத்தார். ஏழைத் தொழிலாளியைக் கைவிட்டால் திருச்சபை ஜனங்களை இழந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக அந்தக் கடிதம் இருபக்கமும் அச்சடித்த நோட்டீஸ். முதலாளிக்குப் பிடித்தது ஒரு பக்கம், தொழிலாளிக்குப் பிடித்தது மறுபக்கம். அடுத்த நூற்று முப்பது வருஷ அரசியலில் பெரும்பங்கு, எந்தப் பக்கத்தை வெளியே தெரியும்படி ஒட்டுவது என்ற தகராறுதான்.

எங்கள் அலுவலகத்திலும் இது உண்டு. மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தால், நிர்வாகத்துக்குச் சாதகமான பத்தி சிவப்பு அடிக்கோட்டுடன் நோட்டீஸ் போர்டில் ஏறும். சங்கத்துக்குச் சாதகமான பத்தியை நாங்கள் கார்பன் வைத்து நகலெடுத்துக் கேன்டீனில் ஒட்டுவோம். முழுச் சுற்றறிக்கையைப் படித்தவர் ஹெட்கிளார்க் ஒருவர்தான். அவரும் எதுவும் சொல்லமாட்டார்.

அமெரிக்காவில் முதல் ஐம்பது ஆண்டுகள் அந்த நோட்டீஸைக் கையில் பிடித்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள். மினசோட்டாவில் பிறந்த ஜான் ரயன் என்ற குருவானவர் 1906-லேயே வாழ்வதற்குப் போதுமான கூலி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1919-ல் அமெரிக்க ஆயர்கள் பெயரில் குறைந்தபட்சக் கூலி, முதுமைக் காப்பீடு என்றெல்லாம் ஒரு திட்டம் வெளிவந்ததே, அதை வரைந்தவரும் அவர்தான். 1931-ல் 11ஆம் பத்திநாதர், முதல் கடிதத்தின் 40ஆம் ஆண்டு நினைவாக 'குவாத்ரஜேசிமோ அன்னோ' வெளியிட்டார். பொருளாதாரப் பேரிடியின் நடுவில் வந்த கடிதம். பணமும் அதிகாரமும் ஒரு சிலர் கையில் குவிவதைக் கடுமையாகச் சாடியது. அடுத்த ஆண்டு டெட்ராய்ட் தேர்தல் கூட்டத்தில் ரூஸ்வெல்ட் அதைப் புகழ்ந்து பேசினார். 1937-ல் அவர் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆசி வழங்கியவர் இந்த ரயன்தான்.

ரயனுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. 'நியூ டீல் பெரிய சாமி' என்பதுபோல ஒரு கிண்டல். வைத்தவர் இன்னொரு குருவானவர், வானொலிப் பிரசங்கி சார்லஸ் காஃப்லின். அவரும் இதே இரண்டு சுற்றுமடல்களைத்தான் மேற்கோள் காட்டினார். வங்கிக்காரர்களைத் திட்டத் தொடங்கி, யூதர்களைத் திட்டுவதில் போய் முடிந்தார். 1942-ல் அவருடைய அரசியல் பிரசாரத்துக்குத் திருச்சபை மேலிடமே பூட்டுப் போட்டது. ஒரே கடிதம் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கும் இன்னொருவரைச் சாக்கடைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

இனி நியூயார்க் பத்திரிகைக்கு வருகிறேன். வில்லியம் பக்லி, எண்ணெய்த் தொழில் செய்த பணக்காரக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1955-ல், இருபத்தொன்பது வயதில், 'நேஷனல் ரிவ்யூ' தொடங்கினார். அன்று அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் என்றால் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள், போலீஸ்காரர்கள், ஐரிஷ், இத்தாலிய, போலிஷ் குடும்பங்கள். சங்கத்தில் இருப்பார்கள், ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள். பழமைவாதம் என்பது புராட்டஸ்டன்ட் வியாபாரிகளின் சரக்கு. இரண்டையும் ஒட்டவைத்த கோந்து கம்யூனிச எதிர்ப்பு.

அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹங்கேரியின் கர்தினால் மின்சென்டியை 1949-ல் ஒரு நாடக விசாரணை நடத்திச் சிறையில் போட்டார்கள். 1956 புரட்சியில் வெளியே வந்தவர், ரஷ்ய டாங்கிகள் நுழைந்ததும் புடாபெஸ்டில் அமெரிக்கத் தூதரகக் கட்டடத்துக்குள் தஞ்சம் புகுந்தார். 15 வருஷம் அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்தார். 1961 ஏப்ரலில் கூபா படையெடுப்பு மண்ணைக் கவ்வியது. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஜூலையில், 23ஆம் அருளப்பரின் சுற்றுமடல் வெளியானது. தேதி மே 15, 'ரேரும் நோவாரு'மின் 70ஆம் ஆண்டு. பெயர் 'மாத்தெர் எத் மஜிஸ்த்ரா'. திருச்சபை தாயும் ஆசிரியையும் என்று பொருள்.

அதில் என்ன இருந்தது? கூலியைச் சந்தையின் போக்குக்கு மட்டும் விட்டுவிட முடியாது. மனிதர்களுக்குள் உறவும் சார்பும் பெருகப் பெருக, அரசும் சில பொறுப்புகளை ஏற்கத்தான் வேண்டும். விவசாயி பின்தங்கிப் போகிறான், அவனைக் கவனியுங்கள். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவ வேண்டும், ஆனால் அந்த உதவி புதுவகை அடிமைத்தனமாக ஆகிவிடக் கூடாது. பசித்தவர் இருக்கும்போது மிஞ்சியதை வீணாக்குவது நீதிக்கே விரோதம். தனிச்சொத்துரிமையும் அதில் உறுதியாகவே இருந்தது. கம்யூனிசத்தைப் பற்றி மட்டும் எதிர்பார்த்த அளவு கர்ஜனை இல்லை.

பக்லியின் பத்திரிகைக்குக் கோபம். உலகம் எரியும்போது இந்த நேரத்தில் இது ஓர் அற்ப முயற்சியாகப் படும் என்ற தோரணையில் தலையங்கக் குறிப்பு எழுதினார்கள். ஆகஸ்ட் இதழில் ஒரே ஒரு வரி. கத்தோலிக்கப் பழமைவாத வட்டாரங்களில் ஒரு பேச்சு உலவுகிறதாம்: "மாத்தெர் சி, மஜிஸ்த்ரா நோ." கூபாவில் அப்போது அமெரிக்காவுக்கு எதிராக முழங்கிய 'கூபா சி, யாங்கி நோ' கோஷத்தின் நையாண்டி. நம் மொழியில் சொன்னால், அம்மா சரி, டீச்சர் வேண்டாம். இந்த வரியை டெலிபோனில் பக்லியிடம் சொன்னவர் கேரி வில்ஸ், சேசு சபைப் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்த ஓர் இளம் அறிஞர்.

சிரிப்பு வரத்தான் செய்கிறது. நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். ஆனால் சேசு சபையின் 'அமெரிக்கா' வார இதழ் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியது. மாதக்கணக்கில் சண்டை. ஒரு கத்தோலிக்கன் பாப்பரசரின் பொருளாதாரக் கருத்தை மறுக்கலாமா, விசுவாசக் கோட்பாடு எதுவரை, வெறும் யோசனை எதிலிருந்து என்று இரண்டு தரப்பும் வாதாடின. இதில் இன்னொரு வேடிக்கை. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, நான் ஜனாதிபதியானால் பாப்பரசர் சொல்படி நடக்க மாட்டேன் என்று உறுதி கூறியிருந்தார். தாராளவாதக் கத்தோலிக்கர்கள் அதற்குக் கை தட்டினார்கள். பத்து மாதம் கழித்து, பாப்பரசர் சொல்லைத் தட்டுகிறாயே என்று பக்லியை அடித்தவர்களும் அதே அணிதான்.

பக்லி தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாப்பரசர் பொருளாதார நிபுணர் அல்ல. ஒரு கிலோ கோதுமைக்கு என்ன விலை வைக்கலாம் என்று ரோமில் உட்கார்ந்து சொல்ல முடியாது. மின்சென்டி போன்றவர்களுக்காகக் குரல் கேட்காததில் அவர்களுக்கு வலி இருந்திருக்கும். எனக்கு உறுத்துவது 'அற்பம்' என்ற அந்த எண்ணம்தான். அந்தச் சுற்றுமடலில் அற்பமாகத் தோன்றிய பகுதிகளில் ஒன்று, தூக்குவாளியோடு நின்ற எங்கள் அம்மாவைப் பற்றியது. நியூயார்க்கிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தெரியாது. இதையும் சொல்லிவிட வேண்டும்: 1954 சட்டத்தில் கையெழுத்திட்ட ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சிக்காரர். அமெரிக்க விவசாயிக்கு விலை விழாமல் காப்பாற்றுவதும் சட்டத்தின் நோக்கம். அன்பு பாதி, கணக்கு பாதி. எங்களுக்கு மாவு முழுசாகக் கிடைத்தது.

ஏழே வருஷத்தில் சக்கரம் திரும்பியது. 1968 ஜூலையில் 6ஆம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடை கூடாது என்று 'ஹுமானே வித்தே' வெளியிட்டார். இப்போது தாராளவாதிகள் முறை. பாப்பரசர் சொன்னால் ஆயிற்றா, எங்கள் மனசாட்சி என்ன ஆவது என்று அவர்கள் கேட்டார்கள். 1961-ல் கீழ்ப்படிதலைப் போதித்தவர்களுக்கு 1968-ல் சுதந்திரம் தேவைப்பட்டது. பழமைவாதிகளில் பலர் திடீரென்று நல்ல மாணவர்களானார்கள். படுக்கையறைப் பாடத்துக்கு மட்டும்.

இந்த முரண்பாட்டை நேர்மையாகச் சந்தித்த ஒருவரும் உண்டு. பக்லியின் சொந்த மைத்துனர் பிரென்ட் போசெல். பழமைவாதிகளின் வேதநூலாக விற்ற, கோல்ட்வாட்டர் பெயரில் 1960-ல் வந்த புத்தகத்தை உண்மையில் எழுதியவர் அவர். கொஞ்ச காலம் ஸ்பெயினில் குடியிருந்தார். 1966-ல் 'ட்ரயம்ஃப்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கி, அமெரிக்கப் பழமைவாதமும் கத்தோலிக்கமும் ஒரே வண்டியில் பூட்டக்கூடிய மாடுகள் அல்ல என்று எழுதத் தொடங்கினார். மச்சானிடமிருந்து விலகினார். பத்திரிகை பத்து வருஷத்தில் நின்றுபோனது. அவர் அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் நோட்டீஸின் இருபக்கத்தையும் படித்த மனுஷன்.

1981 நான் நேரில் பத்திரிகையில் படித்த வருஷம். அப்போது நான் சங்கத்தில் கிளைப் பொருளாளர். போலந்தில் 'சாலிடாரிட்டி' சங்கம், ஆலைக் கேட்டில் மாதா படமும் பாப்பரசர் படமும் மாட்டிப் போராட்டம். ரீகன் அவர்களைப் பாராட்டிக்கொண்டே இருந்தார். அதே ரீகன் ஆகஸ்ட் மாதம், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 11,000 பேருக்கு மேல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் சங்க அறையில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் 2ஆம் அருள் சின்னப்பரின் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' வந்தது. மே 15-க்கு வர வேண்டியது. இரண்டு நாள் முன்னால் அவரைச் சுட்டுவிட்டதால் தள்ளிப்போனது. மூலதனத்துக்கு முன்னால் உழைப்புக்கே முதலிடம் என்றது. போலந்துச் சங்கத்துக்குச் சொன்னதாக வாஷிங்டனில் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பழமைவாதிகள் கேலியை விட்டுவிட்டு, வேலையைக் கற்றுக்கொண்டார்கள். மறுப்பதைவிட விளக்கம் சொல்வது லாபம் என்று புரிந்தது. இதில் கெட்டிக்காரர் மைக்கேல் நோவாக். ஸ்லோவாக்கியக் குடியேறிகளின் பேரன், அறுபதுகளில் இடதுசாரி. 1982-ல் ஜனநாயக முதலாளித்துவத்துக்கு ஓர் ஆன்மிக விளக்கம் எழுதினார். 1984 நவம்பரில், ரீகன் மறுபடி ஜெயித்த கையோடு, அமெரிக்க ஆயர்கள் பொருளாதார நீதி பற்றி ஒரு வரைவு வெளியிட இருந்தார்கள். ஏழைக்கு என்ன ஆகிறது என்பதே ஒரு பொருளாதாரத்தின் பரீட்சை என்ற போக்கில் அமைந்தது. அது வெளிவரும் முன்பே, நிதியமைச்சராக இருந்த வில்லியம் சைமன் தலைமையில், நோவாக்கும் சேர்ந்து, பொதுநிலையினர் குழு என்ற பெயரில் மாற்று அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டார்கள். கேள்வித்தாள் வருவதற்கு முன்னாலேயே கோனார் நோட்ஸ் வந்துவிட்டது. ஆயர்கள் அசரவில்லை. 1986-ல் இறுதி மடல் நிறைவேறியது.

1991-ல் அருள் சின்னப்பர் நூற்றாண்டு மடல் எழுதினார். கம்யூனிசம் விழுந்தது, இனி முதலாளித்துவம்தான் வழியா என்று அவரே கேள்வி எழுப்பி, தொழில்முயற்சி, சந்தை, தனிச்சொத்து, மனிதனின் படைப்பாற்றல் என்ற அர்த்தத்தில் ஆம், சட்டக் கட்டுப்பாடற்ற சுதந்திரம் என்ற அர்த்தத்தில் இல்லை என்று பதில் எழுதினார். 'ஆம்' என்பது உலகச் செய்தியானது. 'இல்லை' வந்த வாக்கியம் வெகுதூரம் போகவில்லை.

2009 ஜூலையில் 16ஆம் பெனடிக்ட் சுற்றுமடல் வந்தபோது, ஜார்ஜ் வெய்கல் என்பவர் ஒரு யோசனை சொன்னார். பாப்பரசரே எழுதியதாகத் தெரியும் பகுதிகளைத் தங்க நிறப் பேனாவாலும், வத்திக்கான் அலுவலகக்காரர்கள் நுழைத்ததாகத் தெரியும் பகுதிகளைச் சிவப்புப் பேனாவாலும் குறித்துக்கொண்டு படியுங்கள் என்றார். சிவப்பில் விழுந்தவை பெரும்பாலும் செல்வத்தைப் பகிர்வது பற்றியவை. இது வெளிவந்தது அதே 'நேஷனல் ரிவ்யூ'வின் இணையப் பக்கத்தில். எங்கள் ஹெட்கிளார்க் படித்திருந்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பார்.

2012-ல் பால் ரயன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் (பழைய ரயனுக்கு உறவல்ல) ஏழைகளுக்கான செலவை வெட்டும் தன் பட்ஜெட்டுக்குக் கத்தோலிக்கப் போதனையே ஆதாரம் என்றார். 11ஆம் பத்திநாதர் சொன்ன ஒரு கொள்கை உண்டு: பஞ்சாயத்து செய்யக்கூடியதைக் கலெக்டர் ஆபீஸ் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுபோல. அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொண்ணூறு பேர் வாக்கில் கடிதம் எழுதி, பஞ்சாயத்தால் முடியாதபோது மேலே உள்ளவர் உதவிக்கு வர வேண்டும் என்பதும் அதே கொள்கைதான் ஐயா என்று நினைவூட்டினார்கள்.

2025 மே 8-ல், சிகாகோவில் பிறந்த ஒருவர் பாப்பரசரானார். பெயர் 14ஆம் லியோ. 1891 கடிதத்தை எழுதியவரை நினைத்துத்தான் இந்தப் பெயர் என்று இரண்டு நாளில் அவரே காரணம் சொன்னார். டி.வி.யில் அதைக் கேட்டதும், மறுநாள் காலை நடையை மாதா கோயில் பக்கம் திருப்பினேன். இப்போது இருப்பவர் இளம் சாமியார். 1961-ல் மாவு கொடுத்த பதிவேடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா சாமி என்று கேட்டேன். பழைய அலமாரியைத் திறந்து காட்டினார். திருமண ஓலைப் புத்தகங்கள் இருந்தன. மாவுக் கணக்கு இல்லை, அடித்தட்டு முழுக்கக் கரையான். அளந்து போட்ட தகரப் படி மட்டும் இருக்கிறது என்று கோயில்பிள்ளை எடுத்து வந்தார். அதில் துளசி வைத்திருந்தார்கள்.